பாபேல்: குழப்பமா, மயக்கமா?

‘பாபேல் என்றால் எபிரேய மொழியில் குழப்பம் என்று பொருள்’ என்னும் வரி கட்டுரைக்குக் கட்டுரை வந்துகொண்டிருக்கிறது. அண்மையில் ஒரு மொழிபெயர்ப்பில், விவிலியக் கதையில் வரும் பாபேல் கோபுரத்தைக் ‘குழப்பக் கோபுரம்’ என்றே கண்டேன். இதை மறுத்தே ஆக வேண்டும்.

பாபேல் ஓர் ஊர்ப்பெயர். பழைய மெசொப்பொத்தேமியாவின் அக்காடிய மொழியார் அதைப் ‘பாப் இலி’ என்றனர். ‘கடவுளின் வாயில்’ என்று பொருள் கொண்டனர். கிரேக்க வழியில் வந்த பாபிலோன் என்பதும் இதே பெயர்தான்.

குழப்பம் என்ற பொருள் விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் 11ஆம் அதிகாரத்தால் வந்து ஒட்டியது. கோபுரம் கட்டியவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் அறியாதபடி ஆனதைச் சொல்லும் கதை அது. கர்த்தர் பாஷையைத் ‘தாறுமாறாக்கினபடியால்’ அவ்வூர் பாபேல் எனப்பட்டது என்கிறது 9ஆம் வசனம். எபிரேய மூலத்தில் உள்ள வினை ‘பாலல்’. அது பெயரின் வேர் அன்று. ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு கதை சொல்லும் பெயர்க்காரணம். அந்த வினைக்கும் கலத்தல், பிசைதல் என்பதே அடிப்படைப் பொருள். லேவியராகமம் 2ஆம் அதிகாரத்தில் போஜனபலி என்னும் உணவுக் காணிக்கைக்கு ‘எண்ணெயிலே பிசைந்த’ மாவு என்று வருமிடத்திலும் இதே வினைதான் இருக்கிறது. மாவும் எண்ணெயும் பிரித்தெடுக்க முடியாதபடி ஒன்றுவதைச் சொல்லும் சொல்லுக்கு வெறும் குழப்பம் எப்படி ஈடாகும்?

குழம்புதலிலும் கலத்தல் உண்டே என்பார்கள். உண்மைதான்; கலங்கிய நீரைக் குழம்பிய நீர் என்கிறோம், அடுப்பில் கொதிப்பதும் குழம்புதான். ஆனால் ‘குழப்பம்’ என்னும் பெயர்ச்சொல் அந்தப் பொருளை இழந்து, மனத் தடுமாற்றமாகவும் கட்சிப் பூசலாகவும் சுருங்கிவிட்டது. ‘மொழிக்கலப்பு’ என்றாலோ, பேச்சில் பிறமொழிச் சொற்களைக் கலப்பதையே வாசகர் நினைப்பார்.

கலத்தலையும் அறிவு தடுமாறுதலையும் ஒருசேரத் தாங்கும் சொல் தமிழில் இருக்கிறது: மயக்கம். ‘நிலம் தீ நீர் வளி விசும்போடு ஐந்தும் கலந்த மயக்கம் உலகம்’ என்கிறது தொல்காப்பியம். மெய்யெழுத்துகள் சேர்ந்து வருவதை மெய்ம்மயக்கம், ஒரு திணைக்குரியது மற்றொரு திணையில் கலப்பதைத் திணைமயக்கம் என்று இலக்கண வகுப்பில் இன்றும் சொல்லித் தருகிறோம். மயக்கம் என்றால் தலைசுற்றல்தானே என்று தயங்குவோர், ‘மொழிமயக்கம்’ என்று சேர்த்து எழுதிப் பார்க்கட்டும். அங்கே தலைசுற்றலுக்கு இடமே இல்லை.

ஆகவே கோபுரத்தைப் பாபேல் கோபுரம் என்றும், அங்கே நிகழ்ந்ததை மொழிமயக்கம் என்றும் எழுதுவதே சரி. ஆங்கில அகராதி தரும் முதற்பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, மூலச்சொல்லையும் பாராமல், தமிழ் இலக்கணத்தையும் புரட்டாமல் நகரும் மொழிபெயர்ப்பாளர்களால்தான் ஊரின் பெயரே குழப்பமாகிப்போனது.