மரப்பெட்டிக்குள் சத்தமில்லாத ஒரு கணினி

மரத்தில் பெட்டி செய்து அதற்குள் கணினியை வைக்கப்போகிறேன் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் எங்கள் சாட்ஸ்வர்த் பகுதியில் யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: சூடாகிவிடாதா? நியாயமான கேள்வி. டர்பனில் பிப்ரவரி மாதம் அறைக்குள்ளேயே 30 டிகிரியைத் தொடும். இரும்பு சூட்டைக் கடத்தும், மரம் அவ்வளவாகக் கடத்தாது என்பதும் உண்மை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தப் பயத்துக்குப் பெரிதாக இடமில்லை என்று தெரிகிறது.

கேஸ் என்று கடையில் விற்கும் தகரக் கணினிப் பெட்டியில் நடுத்தரமான ஒன்றின் வெளிப்பரப்பு முக்கால் சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளிருக்கும் காற்று அறையைவிட 10 டிகிரி சூடாக இருந்தால், தகரச் சுவர்கள் வழியாக வெளியேறுவது சுமார் 20 முதல் 25 வாட் வெப்பம். அதே அளவுப் பெட்டியை 12 மி.மீ. பிளைவுட்டில் செய்தால் 15 முதல் 20 வாட். வித்தியாசம் அவ்வளவுதான். ஏனென்றால் சுவரின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் மெல்லிய காற்றுப் படலம்தான் வெப்பத்துக்குப் பெரிய தடை. சுவர் தகரமா மரமா என்பது அதற்கு அடுத்த விஷயம். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கணினி கேம் ஓடும்போது 300 வாட் வரை வெப்பம் விடும். அதில் ஐந்தாறு வாட்டுக்காக மரத்தைக் குறை சொல்ல முடியாது. மிச்சம் எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோவது விசிறி தள்ளும் காற்று. பெட்டியில் நாம் வடிவமைக்க வேண்டியதும் அந்தக் காற்றின் பாதையைத்தான்.

எவ்வளவு காற்று வேண்டும்? ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 1,000 ஜூல் ஆகும். கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. 300 வாட்டை ஏற்றிக்கொண்டு போகிற காற்று 10 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால், நொடிக்கு 25 லிட்டர் காற்று உள்ளே வந்து வெளியே போக வேண்டும். விசிறியின் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு, முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாமல் அளந்தது. பெட்டிக்குள் பொருத்திய பிறகு அதில் பாதிதான் கிடைக்கும் என்று எண்ணித் திட்டமிடுவது நல்லது.

இங்கே தென்னாப்பிரிக்காவுக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருக்கும் என் தம்பி, என் பெட்டியின் அளவுகளை வாங்கி அப்படியே ஒன்று செய்தான். அதே விசிறிகள், அதே வேகம். "அண்ணா, இங்கே ரூம் உங்க வீட்டைவிடக் குளிர்ச்சி, ஆனா பெட்டி மட்டும் ஏன் இவ்வளவு சூடாகுது?" என்று கேட்டான். காரணம் உயரம். டர்பன் கடலோரம், ஜோகன்னஸ்பர்க் வட்டாரம் 1,500 மீட்டருக்கு மேலே இருக்கும் மேட்டுநிலம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. விசிறி ஒரு சுற்றில் தள்ளுவது குறிப்பிட்ட கன அளவுக் காற்றைத்தான். எத்தனை லிட்டர் என்பது இரண்டு ஊரிலும் ஒன்றே, அந்த லிட்டருக்குள் இருக்கும் எடைதான் வேறு. வெப்பத்தைச் சுமப்பது எடை. அதனால் டர்பனில் அறை வெப்பத்துக்கு மேல் 10 டிகிரி ஏறும் பெட்டி அங்கே 12 டிகிரி ஏறும். ஹைவெல்ட் என்னும் அந்த மேட்டுநிலத்தில் இருப்பவர்கள் காற்று வழியை ஐந்தில் ஒரு பங்கு தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சத்தத்துக்கு வருவோம். லோட்ஷெட்டிங் எனும் முறைவைத்த மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டரில் கணினியை ஓட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஃபிரிட்ஜ், பக்கத்து வீட்டு பம்ப் எல்லாம் நின்றதும், அதுவரை காதில் விழாத விசிறிச் சத்தம் அறை முழுக்க நிறைந்துவிடும். சத்தம் கூடவில்லை, அதை மறைத்துக்கொண்டிருந்த மற்ற சத்தங்கள் போய்விட்டன. நல்ல அமைதியான பெட்டியை இந்த நேரத்தில்தான் சோதிக்க வேண்டும்.

விசிறியின் சத்தம் வேகத்தோடு மிகக் கடுமையாக ஏறும். வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். ஒரே அளவு சத்தம் போடும் இரண்டு விசிறிகளைச் சேர்த்தால் கூடுவது வெறும் 3 டெசிபல். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் ஒரு விசிறிக்குப் பதிலாக 750 சுற்றில் இரண்டை வைத்தால், தடையில்லாத இடத்தில் அதே அளவு காற்று கிடைக்கும், சத்தமோ 12 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் இருக்கும் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய லாபம் என்று புரியும். சொந்தமாகப் பெட்டி செய்வதன் முழு நியாயமும் எனக்கு இதுதான். கடையில் வாங்கும் கேஸ் இடத்தை மிச்சப்படுத்தப் பார்க்கும். நாம் இடத்தைக் கொடுத்து அமைதியை வாங்கலாம்.

ஒன்று மட்டும் கவனம். வேகம் பாதியானால் விசிறி தரும் அழுத்தம் கால்வாசியாகிவிடும். மெதுவாக ஓடும் விசிறிக்கு எதிர்ப்பைத் தள்ளும் தெம்பு கிடையாது. நெருக்கமான கம்பி வலையையும் பொடிக்கண் தூசி வடிகட்டியையும் விசிறியோடு ஒட்டிவைத்தால் காற்று நின்றேபோகும், கூடவே ஒரு ஊளைச் சத்தமும் வரும். காற்று உள்ளே வரும் பக்கத்தில் விசிறிக்கும் வலைக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டராவது விடுங்கள். வடிகட்டியின் பரப்பை விசிறியைப்போல் மூன்று மடங்கு வையுங்கள்.

சூடான காற்று தானாகவே மேலே போய்விடும், மேலே ஒரு துளை போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். 40 செ.மீ. உயரப் பெட்டியில் 10 டிகிரி வித்தியாசம் தரும் அழுத்தம் 0.16 பாஸ்கல்தான். மெதுவாக ஓடும் 120 மி.மீ. விசிறிகூட அதைவிடப் பல மடங்கு தரும். அதனால் வெளியேறும் வழியைப் பின்னால் வைப்பதா மேலே வைப்பதா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

காற்று போகிற வழியில்தான் சத்தமும் போகும். சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும், மொத்தப் பரப்பில் 1 சதவீதம் திறந்திருந்தால் அந்தப் பெட்டியால் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. காற்றுக்குத் திறப்பு வேண்டும், மூடவும் முடியாது. அதற்கு வழி, காற்றை நேராக விடாமல் ஒன்றிரண்டு தடவை திருப்பி, அந்தத் திருப்பங்களின் உள்சுவரில் ஃபோம் ஒட்டுவது. காற்று வளைந்து போய்விடும், சத்தம் ஒவ்வொரு திருப்பத்திலும் ஃபோமில் மோதிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

எல்லாச் சத்தமும் அப்படிக் கரையாது. சுவரில் ஒட்டிய ஃபோம் நன்றாக உறிஞ்ச வேண்டுமானால், அதன் தடிமன் அந்த ஒலியலையின் நீளத்தில் கால் பங்குக்குப் பக்கத்திலாவது இருக்க வேண்டும். 3,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 3,000 தடவை அதிரும் கீச்சுச் சத்தத்துக்கு 3 செ.மீ. போதும். ஏழு இதழ் விசிறி 900 சுற்றில் ஓடினால் அதன் அடிநாதம் 105 ஹெர்ட்ஸ். அதற்கு 80 செ.மீ. ஃபோம் கேட்கும். யார் வீட்டிலும் நடக்காத காரியம். ஆக, கீச்சை ஃபோமிடம் விடலாம். உறுமலை அது பிறக்கும் இடத்திலேயே குறைக்க வேண்டும்.

சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் மட்டும் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். 7,200 சுற்று ஹார்ட் டிஸ்க் 120 ஹெர்ட்ஸில் அதிரும். டிஸ்க் சிறியது, தனியாகக் கையில் பிடித்தால் அந்த உறுமல் அவ்வளவாகக் கேட்காது. அதைப் பெரிய மெல்லிய தகரத்தில் திருகி முறுக்கியதும், காவடி நாளில் உறுமியின் தோல் குச்சியின் அசைவை ஊருக்கே கேட்கவைப்பதுபோல, தகரம் அதை அறைக்குள் பரப்பிவிடும். இணைப்பை மென்மையாக்குவதுதான் தீர்வு. எவ்வளவு மென்மை என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டிஸ்கின் எடையில் 1 மி.மீ. அமுங்கும் ரப்பரோ எலாஸ்டிக் நாடாவோ இருந்தால் அந்த அமைப்பின் இயல்பு அதிர்வு, அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம், 16 ஹெர்ட்ஸ் அளவில் நிற்கும். 120 ஹெர்ட்ஸ் அதிர்வில் மிகச் சிறிய பங்கே பெட்டிக்குப் போகும். கெட்டியான ரப்பர் வாஷர் 0.02 மி.மீ. மட்டும் அமுங்கினால் இயல்பு அதிர்வு 110 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்போது அது டிஸ்கோடு ஒத்து அதிர்ந்து சத்தத்தைக் கூட்டும். கையால் அசைத்தால் டிஸ்க் லேசாக ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் அந்த ரப்பரால் பயனில்லை.

மரம் எது? 0.8 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 6 கிலோ சொச்சம். 16 மி.மீ. எம்.டி.எஃப்., அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை, இங்கே கடைகளில் சூப்பாவுட் என்று கேட்கிறோமே அது, சுமார் 12 கிலோ. எடை இரட்டிப்பானால் சுவர் சுமார் 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும், கணகணவென்று ஒலிக்கவும் செய்யாது. ஆனால் டர்பன் ஈரக்காற்றில் அதன் அறுத்த விளிம்புகள் தண்ணீரைக் குடித்து உப்பிவிடும். விளிம்புகளுக்கு இரண்டு மூன்று பூச்சு வார்னிஷோ பெயிண்டோ கட்டாயம். அறுக்கும்போது வரும் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். மாஸ்க் போட்டுக்கொண்டு வெளியில் வைத்து அறுங்கள்.

மின்சாரத்தில் எந்தச் சமாதானமும் கூடாது. மதர்போர்டை நேராக மரத்தில் திருகாமல் ஒரு உலோகத் தட்டில் வைத்து, அந்தத் தட்டைப் பவர் சப்ளையின் உலோக உடலோடு கம்பியால் இணையுங்கள். பவர் சப்ளையின் உடல் மூன்றாவது பின் வழியாக எர்த்தில் சேர்ந்திருக்கும். பவர் சப்ளையைப் பிரித்து அதன் விசிறியை மாற்ற ஆசை வரும், வேண்டாம். 230 வோல்ட் உள்ளே நேர்மின்சாரமாக மாறும்போது 325 வோல்ட்டுக்கு மேல் போகும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கலாம்.

எல்லாம் பொருத்தியதும் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி மூட்டுகளின் ஓரமாகக் காட்டுங்கள். புகை எங்கே இழுபடுகிறதோ அங்கே காற்றும் சத்தமும் கசிகிறது என்று அர்த்தம். மென்மையான ஸ்பாஞ்ச் நாடாவால் அடைத்துவிடலாம். அப்புறம் கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையில் விசிறி வேகத்தை அமையுங்கள். ஒரே அளவில் ஓடும் சத்தம் சீக்கிரம் பழகிவிடும், ஏறி ஏறி இறங்கும் சத்தம் பழகாது. ஆகவே பிராசசர் ஒரு நொடி சூடானதற்கெல்லாம் விசிறி பாயாதபடி சில நொடி தாமதம் கொடுங்கள், 60 டிகிரி வரை ஒரே வேகத்தில் விடுங்கள், அதற்கு மேல் மெதுவாக ஏறட்டும்.