போன வருடத்துக் காலாண்டும் இந்த வருடத்துக் காலாண்டும் ஒன்றல்ல

கடந்த வாரம் ஒருவரிடமிருந்து எனக்கு இன்னொரு எக்செல் கோப்பு வந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் அடுத்த காலாண்டு வருவாயை ஐபோன், மேக், ஐபேட், வாட்ச்-ஏர்பாட்ஸ் வகையறா, சேவைகள் என ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தாள் போட்டு, பொறுமையாகச் செய்திருந்தார். நல்ல உழைப்பு. ஆனால் ஐந்து தாளிலும் நடந்திருப்பது ஒரே கணக்கு: போன வருடம் இதே காலாண்டில் வந்த தொகை, அதன் மேல் கடைசியாகப் பார்த்த வளர்ச்சி விகிதம். இதை நம்பி, முடிவு வெளியாவதற்கு முந்தைய நாள் சேமிப்பிலிருந்து பணம் எடுத்து ஆப்ஷன் (பங்கு விலை எந்தப் பக்கம் போகும் என்று பணம் கட்டும் ஒப்பந்தம்) வாங்கிவிட்டதாகவும் எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்ததும் மனசு கனத்துப்போனது.

வருவாய்க் கணிப்புகளைச் சரிபார்ப்பதுதான் என் தொழில். இதே பிழையோடு வருகிறவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

டிசம்பர் காலாண்டையும் மார்ச் காலாண்டையும் (காலாண்டு முடியும் மாதத்தை வைத்துத்தான் பெயர்) பக்கத்தில் வைத்து ‘விற்பனை சரிந்துவிட்டது’ என்று யாரும் இப்போது சொல்வதில்லை. பருவத்துக்கேற்ற ஏற்ற இறக்கம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. ‘போன வருடம் இதே காலாண்டு’ என்று சொல்லிவிட்டால் இரண்டும் சமமாகிவிட்டதாக நினைக்கிறார்கள். பெயர் ஒன்று என்பதால் உள்ளே இருப்பதும் ஒன்றாகிவிடாது.

முதலில் வாரங்களை எண்ணுங்கள். ஆப்பிளின் நிதியாண்டு செப்டம்பர் மாதத்தின் கடைசி சனிக்கிழமை முடிகிறது. ஒரு காலாண்டுக்கு 13 வாரம் என்றால் வருடத்துக்கு 364 நாள்தான். மிஞ்சும் நாட்கள் சேர்ந்து, சில வருடங்களுக்கு ஒருமுறை டிசம்பர் காலாண்டில் கூடுதலாக ஒரு வாரம் வந்து உட்காரும். 2022 டிசம்பர் காலாண்டில் 14 வாரம். 2023 டிசம்பர் காலாண்டில் 13. அறிவித்த மொத்த வருவாய் 11,715 கோடி டாலரிலிருந்து 11,958 கோடி டாலர் ஆனது, அதாவது 2 சதவீத வளர்ச்சி. அதையே வாரத்தால் வகுத்துப் பாருங்கள், 10 சதவீதம் வரும். சேவைகள் பிரிவில் 11 சதவீதமாகத் தெரிந்த வளர்ச்சி வாரக் கணக்கில் ஏறக்குறைய 20 சதவீதம். எந்த விகிதத்தை அடுத்த வருடத்துக்கு எடுத்துப் போகப் போகிறீர்கள்? (இந்த 10 சதவீதத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 2022 கடைசியில், ஐபோன் தயாரிக்கும் சீனாவின் செங்சோ ஆலையில் உற்பத்தி தடைபட்டு, உயர்விலை ஐபோன்கள் கைக்குக் கிடைக்காமல் இருந்தன. ஒப்பிடும் அடித்தளமே அந்த வருடம் தாழ்ந்திருந்தது.)

அப்புறம் வெளியீட்டுத் தேதி. எனக்கு வரும் கோப்புகளில் அதிகம் கவிழ்வது இங்கேதான். 2019-ல் ஐபோன் 11 செப்டம்பர் 20 அன்று விற்பனைக்கு வந்தது. ஐபோன் 12 வந்ததோ 2020 அக்டோபர் 23-ல். அதே வரிசையின் மினியும் புரோ மேக்ஸும் நவம்பர் 13 வரை வரவில்லை. செப்டம்பர் காலாண்டு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. விளைவு, 2020 செப்டம்பர் காலாண்டில் ஐபோன் வருவாய் 3,336 கோடி டாலரிலிருந்து 2,644 கோடியாகி, 21 சதவீதம் இறங்கியது. அடுத்த காலாண்டில் 5,596 கோடியிலிருந்து 6,560 கோடியாக, 17 சதவீதம் ஏறியது. இரண்டு காலாண்டையும் கூட்டினால் 8,932 கோடி 9,204 கோடியாகியிருக்கிறது. வெறும் 3 சதவீதம்! சரிவும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. போன் சில வாரம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

கதை அதோடு முடியவில்லை. 2021 செப்டம்பர் காலாண்டில் ஐபோன் 47 சதவீத வளர்ச்சி காட்டியது. அந்த 47-ஐ எடுத்து அடுத்த காலாண்டுகளைப் பெருக்கிய கோப்புகளை நானே பார்த்திருக்கிறேன். கீழே விழுந்திருந்த அடித்தளத்தின் மேல் நின்று அளந்த உயரம் அது. 2019-ஓடு ஒப்பிட்டால் இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 17 சதவீதம் கூட முழுதாக வராது.

ஐபேடிலும் இதே கதை. 2022 அக்டோபரில் புதிய ஐபேடுகள் வந்தன, டிசம்பர் காலாண்டில் 30 சதவீத ஏற்றம். 2023 முழுக்கப் புதிய ஐபேடே வரவில்லை, 25 சதவீத இறக்கம். ‘ஐபேட் சந்தை செத்துவிட்டது’ என்று எனக்கு எழுதியவர்கள் வெளியீட்டுப் பட்டியலை ஒருமுறை புரட்டியிருக்கலாம்.

பிரிவுகளின் எல்லையும் நகரும். 2018 டிசம்பர் காலாண்டிலிருந்து, வரைபடம், சிரி (குரல் உதவியாளர்), இலவச ஐகிளவுட் (இணையச் சேமிப்பிடம்) போன்றவற்றுக்காகச் சாதன விலையில் ஒதுக்கிவைத்த தொகையைச் சேவைகள் பக்கம் மாற்றினார்கள். அதனால் 2017 டிசம்பர் காலாண்டின் ஐபோன் வருவாய் பழைய அறிக்கையில் 6,158 கோடி, புதிய அறிக்கையில் 6,110 கோடி. பழையதையும் புதியதையும் ஒரே நெடுவரிசையில் ஒட்டினால், விற்பனையில் நடக்காத ஒரு மாற்றம் உங்கள் வரைகோட்டில் தெரியும். அதே காலாண்டிலிருந்துதான் எத்தனை போன் விற்றது என்று சொல்வதையும் ஆப்பிள் நிறுத்தியது. உங்கள் கோப்பில் அதற்குப் பிந்தைய ‘விற்ற எண்ணிக்கை’ இருந்தால் அது வேறு யாருடைய மதிப்பீடோதான். அப்படியே குறித்து வையுங்கள்.

ஆகவே, சூத்திரம் எழுதும் முன் கோப்பில் மூன்று நெடுவரிசைகளைச் சேர்த்துவிடுங்கள்: அந்தக் காலாண்டில் எத்தனை வாரம், புதிய பொருள் எந்தத் தேதியில் கடைக்கு வந்தது, அந்த எண் எந்த அறிக்கையிலிருந்து எடுத்தது. இது அரைநாள் வேலை. இதைச் செய்யாமல் எவ்வளவு நுட்பமான கணிப்பு மாதிரி போட்டாலும் அது குப்பையைத்தான் நுட்பமாக அரைக்கும். பழைய காலாண்டுகளில் சோதிக்கும்போது அன்றைக்குத் தெரிந்த தகவலை மட்டும் வைத்துச் சோதியுங்கள். ‘போன வருடத்துத் தொகையே வரும்’ என்ற மொட்டைக் கணிப்பைக்கூட உங்கள் மாதிரி வெல்லவில்லை என்றால் அதைத் தூக்கிப் போடுங்கள்.

ஐந்து பிரிவின் பிழைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மொத்தம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். டாலர் வலுத்தால் வெளிநாட்டு வருவாய் எல்லாப் பிரிவிலும் ஒரே திசையில்தான் சுருங்கும்.

ஒரு வேண்டுகோள். ஒற்றை எண்ணை நம்பிப் பணத்தைக் கட்டாதீர்கள். 2018 நவம்பர் 1 அன்று, காலாண்டில் ஒரு மாதம் கழிந்த பிறகு, அந்தக் காலாண்டு வருவாய்க்கு ஆப்பிள் தானே சொன்ன எதிர்பார்ப்பு 8,900 முதல் 9,300 கோடி டாலர். 2019 ஜனவரி 2 அன்று, அப்போது ஆப்பிளின் தலைமை நிர்வாகியாக இருந்த டிம் குக் முதலீட்டாளர்களுக்குக் கடிதம் எழுதி அதை 8,400 கோடியாக இறக்கினார். கடை, கிடங்கு, ஆர்டர் எல்லாம் கண்முன்னே வைத்திருந்தவர்களுக்கே கீழ் எல்லையிலிருந்து 500 கோடி டாலர் தவறியது. நம்மிடம் இருப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஐந்து எண்கள்.

கணிப்பது தப்பில்லை, செய்யுங்கள். பணம் போடாமல் செய்யுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கீழ் எல்லை, ஒரு மேல் எல்லை எழுதி, முடிவு வெளிவந்ததும் உண்மை எண்ணைப் பக்கத்தில் குறித்து வையுங்கள். தவறிய இடத்தில் ஏன் தவறியது என்று ஒரு வரியாவது எழுதுங்கள். எட்டுக் காலாண்டு சேர்ந்ததும் அந்தக் கோப்பை எனக்கு அனுப்புங்கள். அதை உட்கார்ந்து முழுதாகப் பார்க்கிறேன்.