பழைய தோட்டாவின் பித்தளை

மதுரைப் பக்கம் சில பழைய வீடுகளில் தாத்தா காலத்து ரைபிள் இன்னும் இருக்கிறது. லைசென்ஸைப் புதுப்பிக்கிறார்கள், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கிறார்கள், முடிந்ததும் வாங்கி வருகிறார்கள். சுடத்தான் முடியாது, அந்த அளவுத் தோட்டா கடைகளில் கிடைப்பதில்லை. வெளிநாடுகளில் இப்படிப்பட்ட துப்பாக்கி வைத்திருப்பவர்கள், சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தேடிப் பிடித்து மறுபடி நிரப்புகிறார்கள். இங்கே அதற்குத் தனி உரிமம் வேண்டும், வீட்டில் செய்துபார்க்கிற வேலையில்லை. ஆனால் அந்தக் கூட்டுக்குள் இருக்கும் உலோக அறிவியல் சுவாரசியமானது.

கூடு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். பழைய பிரிட்டிஷ் ராணுவத்தின் பாயிண்ட் 303 ரைபிளில் சுடும்போது உள்ளே எழும் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல சுமார் 3,000 மடங்கு. கூடு சட்டென்று விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் வராமல் அடைத்துவிடும். அழுத்தம் இறங்கியதும் லேசாகச் சுருங்கும். அதனால்தான் அதை வெளியே இழுக்க முடிகிறது. அதற்கும் முந்தைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிளான மார்ட்டினி-ஹென்றிக்கு முதலில் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டித்தான் கூடு செய்தார்கள். 1885 சூடான் போரில் அவை அறைக்குள்ளேயே சிக்கிக்கொண்டன.

ஒவ்வொரு முறை சுடும்போது விரிந்து, மறுபடி நிரப்புவதற்காக அச்சில் பழைய அளவுக்கு நெருக்கப்படும்போதும் பித்தளை விறைத்துக்கொண்டே போகும். மாசி வீதிகள் பக்கம் பித்தளைக் குடத்துக்கு ஒடுக்கு எடுப்பவரைப் பார்த்திருப்பீர்கள்: தட்டுவார், நெருப்பில் காட்டுவார், மறுபடி தட்டுவார். காட்டாமல் அடித்துக்கொண்டே போனால் குடம் விண்டுவிடும். சூட்டில் நசுங்கிய படிகங்கள் போய்ப் புதிய படிகங்கள் உருவாகின்றன. எஃகைப் போலில்லை, சூடான பித்தளையைத் தண்ணீரில் முக்கினாலும் விறைக்காது. தோட்டாக் கூட்டிலும் இதே வேலைதான், குண்டைப் பிடித்திருக்கும் கழுத்துக்கு மட்டும். அடிப்பாகம் இளகினால் வாயு சுடுபவர் முகத்துக்கே வரும். ராணுவத் தோட்டாவின் கழுத்தருகே நீலமும் பழுப்புமாகத் தெரியும் வளையத்தைக் கறை என்று தேய்க்கிறவர்கள் உண்டு. அது நெருப்பில் காட்டியதன் தடயம்.

பிரிட்டிஷ் ராணுவத்துக்கு இப்படிச் சூடாக்குவதன் அருமை புரிந்தது இந்தியாவில்தான். மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள், யாரும் சுடாமலே கழுத்தில் விரிசல் விட்டன. 1921-ல்தான் சரியான விளக்கம் வந்தது. இழுத்து நெருக்கிச் செய்ததில் உலோகத்துக்குள் தங்கிவிட்ட இழுவிசை, குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, மழை ஈரம் மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. அம்மோனியாவை விரட்டுவது சிரமம். மிதமாகச் சூடாக்கி இழுவிசையைப் போக்குவது சுலபம். அதையே செய்தார்கள்.

இன்னொரு வில்லன் பாதரசம். தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிதான் கேப்பு. பழைய கேப்புகளில் பாதரச ஃபல்மினேட் என்ற வெடிபொருள் இருந்தது. கரிமருந்துக் காலத்தில் அந்தப் பாதரசத்தில் பெரும்பகுதி புகைக்கரியோடு போய்விட்டது. புகையில்லா மருந்து வந்தபிறகு அது பித்தளையிலேயே ஊறி, அதை நொறுங்க வைத்தது. எவ்வளவு பளபளத்தாலும் அந்தக் கூடு இனி ஆகாது, சூடாக்கியும் பயனில்லை. இதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் பழசைத் தேடி அலையாமல், அடி அளவு ஒத்துப்போகும் புதுக் கூட்டை எடுத்து உருமாற்றுகிறார்கள். மார்ட்டினி-ஹென்றிக்கு இப்போது 24 போர் (bore, குழல் அளவு) ஷாட்கன்னின் பித்தளைக் கூடுதான் கைகொடுக்கிறது.