டேப்பெட் இடைவெளி: பழைய புல்லட்டை முன்வைத்து

1955-இல் மெட்ராஸில் பாகங்களை இணைத்து உருவாக்கத் தொடங்கி, பின்னர் முழுமையாக இங்கேயே தயாரான வார்ப்பிரும்பு எஞ்சின் ராயல் என்ஃபீல்டு புல்லட்டில், சுழலும் புடைப்பான கேம் கீழேயும், வாயு உள்ளே வெளியே போகும் வழிகளைத் திறந்து மூடும் வால்வுகள் மேலேயும் இருக்கின்றன. கேம் தன்மேல் அமர்ந்த டேப்பெட் எனும் சிறு தண்டை உயர்த்த, டேப்பெட் புஷ்ராடு எனும் நீண்ட கம்பியைத் தள்ள, புஷ்ராடு ராக்கர் எனும் நெம்புகோலின் ஒரு முனையைத் தூக்க, அதன் மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கிறது. வால்வு மூடியிருக்கையில் இந்தச் சங்கிலியில் விடப்படும் சிறு தளர்வுதான் டேப்பெட் இடைவெளி. 2008-09 வாக்கில் வந்த, எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த யூசிஇ எஞ்சின்களில் இருப்பதுபோல, ஆயில் அழுத்தத்தால் தன் நீளத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் இதில் இல்லை. நீளத்தில் ஏற்படும் மாற்றங்களை மெக்கானிக்தான் ஸ்பேனர் கொண்டு ஈடுகட்ட வேண்டும்.

மாற்றத்துக்கு முதற்காரணம் சூடு. 100 மி.மீ. நீள அலுமினியம் 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.23 மி.மீ. நீளும், வார்ப்பிரும்பு அதில் பாதியளவே நீளும். வால்வின் தண்டு நீளும்போது இடைவெளி குறைகிறது. சிலிண்டரும் அதன் மேல்மூடியான ஹெட்டும் விரியும்போது ராக்கர் கேமை விட்டு விலகுவதால் இடைவெளி கூடுகிறது. இவற்றில் எது மிஞ்சும் என்பது எஞ்சினின் அமைப்பைப் பொறுத்தது. அதனால்தான் பல எஞ்சின்களுக்கு 0.1 முதல் 0.3 மி.மீ. வரை இடைவெளி விடச் சொல்லும்போது, பழைய புல்லட்டுக்கோ, எஞ்சின் குளிர்ந்திருக்கையில், ஏறத்தாழ இடைவெளியே இல்லாத நிலை விதிக்கப்பட்டிருக்கிறது.

இடைவெளி கூடினால் டேப்பெட் அடிக்கும். கேமின் சரிவு தொடக்கத்தில் மென்மையாக அமைக்கப்பட்டிருப்பது, அந்தச் சிறு இடைவெளியை அதிர்ச்சியில்லாமல் மூடுவதற்காகத்தான். இடைவெளி அளவு மீறினால் செங்குத்தான பகுதியே டேப்பெட்டைச் சம்மட்டிபோல் மோதுகிறது. ஆனாலும் இது எரிச்சலூட்டும் குறைதானே தவிர, உடனடி ஆபத்து அல்ல. ஆபத்தானது சத்தமே போடாத இறுக்கம்தான். எரிந்த புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை இறக்கிவைப்பது, மூடியிருக்கும் நேரத்தில் தான் உட்காரும் வளையமான சீட்டின் வழியாகத்தான். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றும்போது வால்வு விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. அதற்குள் கிடைக்கும் நொடிப்பொழுதில் முழுமையாக உட்காராவிட்டால், எரியும் சூடான வாயு வால்வின் விளிம்பில் கசிந்து அதைத் தின்றுவிடும். வண்டி ஓசையின்றி ஓடுகிறதே என்று மகிழ்ந்திருக்கும் உரிமையாளருக்கு, ஸ்டார்ட் ஆக மறுக்கும் காலைப்பொழுதுதான் முதல் அறிவிப்பு.

சரிசெய்யும் முறை எளியதே, அவசரம் கூடாது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். வலப்புறச் சிறு மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ்ராடுகளின் அடிப்பகுதி தெரியும். ஸ்பார்க் பிளக்கை எடுத்துவிட்டு, கிக்கரை மெல்ல அழுத்தி எஞ்சினைச் சுற்றுங்கள். எரிபொருள் கலவையை உள்ளே விடும் இன்லெட் வால்வின் ராடு ஏறி இறங்கியபின் பிஸ்டன் மேலே வரும் இடமே கம்ப்ரெஷன் உச்சி. இரண்டு வால்வுகளும் அங்கே மூடியிருக்கும். தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயின்ட் உள்ள வண்டிகளில் இக்னிஷனைப் போட்டு, மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரைக் கவனித்தால், பாயின்ட் திறக்கும்போது முள் நடுவுக்குத் திரும்புவதும் இந்த இடத்தை நெருங்குவதைக் காட்டும்.

பிறகு ஒரு ஸ்பேனரால் டேப்பெட்டை அசையாமல் பிடித்து, இரண்டாவதால் அளவு மாறாமல் பூட்டிவைக்கும் லாக்நட்டைத் தளர்த்தி, மூன்றாவதால் நீளத்தை மாற்றும் அட்ஜஸ்டரைத் திருப்ப வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் இடையே ராடு தடையின்றிச் சுழல வேண்டும்; மேலும் கீழுமாக ஆடக் கூடாது. இந்த வேலைக்கு, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைவிட விரல்நுனியே நம்பகமான கருவி என்பது என் கருத்து. எக்ஸாஸ்ட் பக்கத்தைச் சில மெக்கானிக்குகள் மயிரிழை தளர்வாகவே விடுகிறார்கள். மேலே சொன்ன காரணத்தால் அது புத்திசாலித்தனம்தான்.

லாக்நட்டை முறுக்கும்போது அளவு மாறிவிடும் என்பதால், இறுக்கியபின் ராடைச் சுழற்றிப் பார்த்தே தீர வேண்டும். எஞ்சினைச் சில சுற்றுகள் சுற்றி மீண்டும் அதே உச்சிக்குக் கொண்டுவந்து, இன்னொரு முறையும் பாருங்கள். சரிசெய்த சில நூறு கிலோமீட்டருக்குள் எக்ஸாஸ்ட் ராடு மறுபடியும் இறுகிப்போனால், குறை அட்ஜஸ்டரில் இல்லை: வால்வு சீட்டுக்குள் அமிழ்ந்துகொண்டிருக்கிறது, ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.