சினை மாடு முக்குகிறதா? மூத்திரத்தையும் பாருங்கள்

"ஏழு மாதச் சினை டாக்டர், வாலைத் தூக்கித் தூக்கி முக்குது, கன்று விழுந்துடுமோன்னு பயமா இருக்கு." இப்படி வரும் அழைப்புகளில் சிலவற்றுக்குக் கருப்பையோடு சம்பந்தமே இருக்காது. சிறுநீர்ப்பையில் கிருமி சேர்ந்து, எரிச்சல் தாங்காமல் மாடு முக்கிக்கொண்டிருக்கும். கருச்சிதைவு என்று நினைத்து அதற்கான வைத்தியத்தில் இறங்கினால், நல்ல கன்றையே இழக்க நேரலாம்.

பசுவின் சிறுநீர்க்குழாய் குட்டையானது, அகலமானது. அதனால் சாணத்திலிருக்கும் ஈ.கோலை போன்ற கிருமிகள் சுலபமாக மேலேறிவிடும். கோரினிபாக்டீரியம் என்ற கிருமி, நோயில்லாத பசுக்களின் பிறப்புறுப்பிலேயே தங்கியிருக்கும். சிறுநீர் முழுசாக வடியாமல் தேங்கினால் அதற்கு வசதியாகிவிடும். ஈரமும் சாணமுமாகக் கிடக்கும் தரை, சுத்தமில்லாத கையால் செய்யும் பரிசோதனை, சிரமப்பட்டு ஈன்ற முந்தைய ஈத்து எல்லாம் கிருமிக்கு வழி திறந்துவிடுபவை.

நல்ல மாடு முதுகை வளைத்து, தாராளமாகப் பெய்துவிட்டு, வாலை இறக்கிக்கொண்டு நகர்ந்துவிடும். நோயுள்ள மாடு பெய்து முடித்த பிறகும் அதே வளைவில் நிற்கும். சொட்டுச் சொட்டாக விடும், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் முக்கும், பின்னங்கால்களை மாற்றி மாற்றி வைக்கும். பிறப்புறுப்பின் கீழ்நுனியில் தொங்கும் மயிரைக் கட்டாயம் பாருங்கள். அதில் காய்ந்த ரத்தமோ சீழோ ஒட்டியிருந்தால், மாடு நல்லபடியாகத் தின்றுகொண்டிருந்தாலும் நான் சும்மா விடுவதில்லை.

சிறுநீர் சிவப்பாக இருந்தால் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, ஆட்டாமல் சில மணி நேரம் வையுங்கள். சிவப்பு அடியில் படிந்து மேலே தெளிந்தால் அது ரத்தம். சிறுநீர்ப்பையையோ சிறுநீரகத்தையோ சந்தேகப்படலாம். தெளியாமல் காப்பி நிறத்திலேயே நின்றால், உண்ணியால் வரும் பேபிசியா போன்ற வேறு நோயாக இருக்கலாம். இந்தப் பாட்டிலை டாக்டரிடம் காட்டினால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் ஆய்வகத்துக்குத் தனியாகச் சிறுநீர் பிடிக்க வேண்டும்: பிறப்புறுப்பைக் கழுவித் துடைத்து, அதற்குக் கீழே மெதுவாகத் தடவிக் கொடுங்கள், பெரும்பாலும் பெய்துவிடும். முதல் பீய்ச்சலை விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, குளிர்ச்சியில் வைத்து அன்றே கொடுத்துவிடுங்கள்.

காய்ச்சல், தீவனம் எடுக்காமை, நாளுக்கு நாள் மெலிவு என்று போனால் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கக்கூடும். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

கோரினிபாக்டீரியம் பென்சிலினுக்குக் கட்டுப்படும். ஈ.கோலைக்குப் பென்சிலின் பெரும்பாலும் வேலை செய்யாது, எந்த மருந்து கேட்கும் என்று பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். எதுவானாலும் சில நாள் ஊசியில் முடிகிற சமாச்சாரம் இல்லை. சிறுநீரகம் பாதித்திருந்தால் மூன்று வாரம்கூட ஆகும். மூன்றாம் நாளே முக்கல் குறைந்துவிடும், "சரியாயிடுச்சு" என்று ஊசியை நிறுத்திவிடுவார்கள், அப்புறம் சில வாரங்களில் நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். நான் அதிகம் மன்றாடுவது இதற்காகத்தான்.

சினையையும் அதன் மாதத்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டெட்ராசைக்ளின் வகை மருந்து வயிற்றுக் கன்றின் எலும்பிலும் பல்லிலும் படியும். ஜென்டாமைசின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, சினையின் கடைசி மாதங்களில் கன்றை வீசச் செய்துவிடும். வீட்டில் மிச்சமிருக்கும் ஊசியை எடுத்து நீங்களாகப் போடவே கூடாது.

தண்ணீர் எந்நேரமும் தொட்டியில் இருக்கட்டும். நிறையக் குடித்து நிறையப் பெய்தால் கிருமி வெளியேறும். படுக்கும் இடம் காய்ந்திருக்கட்டும்.

மருந்து முடிந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துச் சிறுநீரை மறுபடியும் பரிசோதியுங்கள். மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈன்றுவிட்டால், கடைசி ஊசி போட்ட தேதியை டாக்டரிடம் சொல்லி, பாலை எத்தனை நாள் விற்கக்கூடாது, கன்றுக்குச் சீம்பால் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டு கறவையைத் தொடங்குங்கள்.