போன் பேட்டரிக்கு வெயில்தான் எமன்

போன சித்திரையில் ஒரு ஆட்டோக்கார அண்ணன் கடைக்கு வந்தார். "தம்பி, டிஸ்பிளே ஒரு பக்கமா தூக்கிக்கிட்டு நிக்குது, கொஞ்சம் பசை போட்டு ஒட்டிக் கொடு" என்றார். வாங்கிப் பார்த்தேன். டிஸ்பிளே நன்றாகத்தான் இருந்தது. உள்ளே இருந்த பேட்டரி உப்பி, கண்ணாடியை நெம்பித் தள்ளியிருந்தது. போன் வாங்கி 14 மாதம்தான் ஆகிறதாம்.

"ஆட்டோல போனை எங்க வைப்பீங்கண்ணே?" என்று கேட்டேன். முன் கண்ணாடிக்குப் பின்னால் ஸ்டாண்டில் வைப்பாராம். காலை 8 மணிக்கு மேப் ஓட ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஓடும். சார்ஜர் வயரும் சொருகியே இருக்கும். அதுவும் வேலூர் வெயிலில். அவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

வேலூரில் 12 வருடமாக மொபைல் சர்வீஸ் செய்கிறேன். "சார்ஜ் நிக்க மாட்டேங்குது" என்று வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் சதவீதத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். 20க்குக் கீழே இறங்க விடலாமா, 100 வரை ஏற்றலாமா, ராத்திரி முழுக்கப் போட்டு வைக்கலாமா என்று. போன் சூடாகிறதே, அதனால் ஏதாவது ஆகுமா என்று கேட்பவர் அபூர்வம். என் மேசைக்கு வரும் வீணான பேட்டரிகளில் பெரும்பாலானவை சூட்டில் வெந்தவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் போனில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. 1991இல் சோனி நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த வகை இது. இதை உருவாக்கியதற்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. உள்ளே ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் உலோக ஆக்சைடு, நடுவில் ஒரு திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அந்தத் திரவத்தின் வழியாகக் கிராஃபைட் பக்கம் போகும், நாம் பயன்படுத்தும்போது திரும்பி வரும். இந்தப் போக்குவரத்தில் கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று படிந்துகொண்டே இருக்கும். அதில் கொஞ்சம் கொஞ்சமாக லித்தியம் மாட்டிக்கொள்ளும். அப்படி மாட்டியது திரும்பப் பயன்படாது. பேட்டரிக்கு வயசாகிறது என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் விடிய விடிய வைத்தாலும் புளிக்காத மாவு, அக்னி நட்சத்திரத்தில் மத்தியானத்துக்குள் பொங்கி வழிந்துவிடும். பேட்டரிக்குள் நடப்பதும் ரசாயன வேலைதான். சூடு ஏற ஏற வேகம் கூடும். அளவுக்கு மீறிப் போனால் அந்தத் திரவமே சிதைந்து வாயுவாக மாறும். மாவுப் பாத்திரத்துக்காவது வாய் திறந்திருக்கிறது. பேட்டரியை நான்கு பக்கமும் ஒட்டிய உறைக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். வாயு போக வழியில்லாமல் உறை உப்புகிறது.

சுற்றுப்புறம் 35 டிகிரிக்குள் இருக்கும் இடத்தில் பயன்படுத்துங்கள் என்றுதான் ஆப்பிள் நிறுவனம் தன் போன்களுக்குச் சொல்லியிருக்கிறது. எங்கள் ஊரில் மே மாதம் நிழலிலேயே 40ஐத் தாண்டும். ஜன்னல் மூடி வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டு 60 டிகிரியைத் தொடும். அங்கே போனை விட்டுவிட்டுக் கல்யாண மண்டபத்துக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறோம்.

வெயில் மட்டும்தான் சூடு என்றில்லை. தலையணைக்கடியில் சார்ஜ் போட்டுத் தூங்குவது, தடிமனான கவருக்குள் வைத்தே ஃபாஸ்ட் சார்ஜ் ஏற்றுவது, சார்ஜ் ஏறும்போதே கேம் விளையாடுவது, ஹாட்ஸ்பாட் போட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவது, சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துப் பாட்டுக் கேட்பது எல்லாம் இதே கணக்கில்தான் வரும். கையில் எடுத்தால் சுடுகிறதா? சார்ஜரைக் கழற்றுங்கள், கவரைக் கழற்றுங்கள், மின்விசிறிக் காற்றில் வையுங்கள். அவ்வளவு போதும். சிலர் அவசரப்பட்டு ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெளியே எடுத்ததும் போனில் ஈரம் கோத்துக்கொள்ளும். அப்படிப் போர்டு பச்சை பிடித்துப்போன போன்களை என் கையால் திறந்திருக்கிறேன்.

சரி, சதவீதத்துக்கு வருவோம். புது போனை 8 மணி நேரம் சார்ஜ் போட்டுத்தான் எடுக்கணும், முழுசா இறக்கிட்டுத்தான் ஏத்தணும் என்று இன்னும் சில கடைகளில் சொல்லி அனுப்புகிறார்கள். அது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. லித்தியத்துக்கு அது தேவையில்லை. சுத்தமாக இறக்கி ஏற்றுவது இதற்குக் கெடுதல்தான். 30இல் போட்டு 80இல் எடுத்தாலும் ஒன்றும் ஆகாது. ஒருநாள் 50, மறுநாள் 50 என்று செலவழித்தால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சார்ஜ் சுற்று (சைக்கிள்). 500 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு இருக்கும்படி தன் பழைய போன்களை வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொன்னது, ஐபோன் 15 முதல் அது 1000 சுற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூனிலிருந்து குறைந்தது 800 சுற்று என்று சட்டமே வந்துவிட்டது. இதெல்லாம் மிதமான சூட்டில் போட்ட கணக்கு என்பதை மறக்க வேண்டாம்.

100 சதவீதத்தில் என்ன பிரச்சினை என்றால், அப்போது பேட்டரியின் வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும். முன்பெல்லாம் 4.2 வோல்ட். இப்போது வரும் போன்களில் 4.4ஐயும் தாண்டுகிறது. அந்த உச்சத்திலேயே மணிக்கணக்காக நிறுத்தி வைத்தால் நான் மேலே சொன்ன படலம் வேகமாகப் படியும். முழு சார்ஜும் சூடும் ஒன்று சேர்ந்தால் அதைவிட மோசமான கூட்டணி கிடையாது. அந்த ஆட்டோ அண்ணனின் போன் நாள் முழுக்க அந்த நிலையில்தான் இருந்தது.

இப்போது நிறைய போன்களின் செட்டிங்ஸில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது. பேட்டரி என்ற பகுதிக்குள் போய்ப் பார்த்து ஆன் செய்துவிடுங்கள். ராத்திரி சார்ஜ் போடும் பழக்கம் உள்ளவர்கள் அதை ஆன் செய்துவிட்டு, போனை மெத்தையில் வைக்காமல் மேசையில் வைத்தால் நிம்மதியாகத் தூங்கலாம். வெளியூர் போகும் நாளில் 100 வேண்டுமா, தாராளமாக ஏற்றிக்கொள்ளுங்கள். ஒருநாள் ஏற்றியதால் எதுவும் கெட்டுவிடாது. பழைய போனை அலமாரியில் போட்டு வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் வையுங்கள்.

ஒருநாள் சார்ஜ் சாயங்காலம் வரை தாங்க என்ன செய்வது என்றால், திரை வெளிச்சத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை. சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்னும், ரயிலில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் ஏரோபிளேன் மோடு போட்டுவிடலாம். திறந்த ஆப்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுவதில் பெரிய லாபம் இல்லை, மறுபடி திறக்கும்போது முதலிலிருந்து ஆரம்பிக்கச் சார்ஜ் செலவாகும். பேட்டரியை மிச்சப்படுத்தித் தருகிறேன் என்று விளம்பரத்தோடு வரும் ஆப் எதுவும் வேண்டாம்.

இனி சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். பின்பக்கக் கவர் லேசாகத் தூக்கியிருந்தாலோ, மேசையில் வைத்தால் போன் பம்பரம் மாதிரி சுற்றினாலோ, டிஸ்பிளே ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அழுத்தி உட்கார வைக்கப் பார்க்காதீர்கள். ஊசியால் குத்திக் காற்றை எடுத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். உள்ளே இரண்டு பக்கத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்பு, பிளாஸ்டிக் பை அளவு மெல்லியது. அது கிழிந்து இரண்டும் தொட்டுக்கொண்டால் நொடியில் புகையும் தீயும் வரும். சார்ஜ் போடாமல் போனை அணைத்து, எளிதில் தீப்பிடிக்கும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாமல் தனியாக வைத்து, சர்வீஸ் கடைக்குக் கொண்டுவாருங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது, குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கே தீப்பிடிக்கும். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு என்று 2022இல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. பழைய பேட்டரியை என்ன செய்வீர்கள் என்று கடைக்காரரைக் கேளுங்கள்.

மாற்றும்போதும் விலையை மட்டும் பார்க்க வேண்டாம். பேட்டரியின் மேல் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பழைய பேட்டரியின் கொள்ளளவு 4000 எம்ஏஎச் என்றால், அதே நீள அகலம், அதே தடிமனில் 6000 என்று அச்சிட்டு வருவதை நம்பாதீர்கள். அந்த இடத்துக்குள் அவ்வளவு அடைக்க முடியாது.

அந்த அண்ணன் முதலில் கோபப்பட்டார். பசை போட்டு ஒட்டித் தர எனக்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் உப்பிய பேட்டரி மேல் கண்ணாடியை அழுத்தி ஒட்டும் வேலையை நான் யாருக்கும் செய்வதில்லை. கழற்றிய பேட்டரியை அவர் கண்முன்னே மேசையில் வைத்தேன். தலையணை மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "ராத்திரி இதைப் புள்ளைங்க பக்கத்துலதான் சார்ஜ் போட்டு வெச்சேன்" என்றார். புது பேட்டரி போட்டுக்கொண்டு, ஸ்டாண்டையும் வெயில் படாத இடத்துக்குக் கீழே இறக்கி மாட்டிக்கொண்டார்.

போன வாரம் மறுபடி வந்தார். அவர் போனுக்கு ஒன்றும் இல்லை. மகளுடைய போனை அணைத்து, கவரைக் கழற்றிக் கையில் கொண்டுவந்திருந்தார். பின்பக்கம் ஒரு மூலையில் நகக்கண் அளவுக்குத் தூக்கியிருந்தது.

"அமுக்கிப் பாக்கலை தம்பி. பாத்ததும் எடுத்துட்டு வந்துட்டேன்" என்றார்.