பினாலே: ரெண்டு வருஷத்துக்கு ஒரு நோம்பி

2017 பொங்கல் விடுமுறையில் கொச்சிக்குப் போய், அங்கே நடக்கிற பினாலே என்ற சமகாலக் கலை நிகழ்வைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் காங்கேயத்தில் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில் இருந்தபோது, “எங்க கண்ணு போயிருந்தே?” என்று கேட்டார். “பினாலேங்க அம்மிச்சி” என்றேன். “பாட்டுப் போட்டில கடசி நாளைக்கு வெப்பாங்களே, அதுக்கா?”

அம்மிச்சியின் காதில் பிழை இல்லை. டிவியில் தினமும் ஒலிக்கிற ‘கிராண்ட் ஃபினாலே’யைப் பேச்சில் நாம் எல்லோருமே ‘பினாலே’ என்றுதான் சொல்கிறோம். ஆய்த எழுத்தைப் போட்டு எழுதுகிறவர்கள்கூட உச்சரிக்கும்போது விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே இத்தாலியச் சொற்கள். இரண்டுக்கும் கடைசியில் ஒரே ‘ஆலே’ விகுதி. ஆனால் ஃபினாலே, முடிவு என்று பொருள்படும் ‘ஃபீனிஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பினாலேயின் வேர் வேறு.

இத்தாலியர்கள் அதை ஏறக்குறைய ‘பியென்னாலே’ என்று சொல்வார்கள், ‘னா’வில் அழுத்தம் விழும். மலையாளத்தில் அது ‘பினாலே’ ஆனது. கொச்சியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம்மிடம் வந்ததும் அந்த மலையாள வடிவம்தான். பத்திரிகைகளில் பைனாலே, பியனாலே என்று இன்னும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள் உண்டு. ஒலிபெயர்த்துத்தான் எழுத வேண்டும் என்றால் ‘பியென்னாலே’ என்று எழுதலாம். ஃபினாலேயோடு குழம்பாது.

சரி, வேர். லத்தீனில் ‘பி’ என்றால் இரண்டு, ‘அன்னுஸ்’ என்றால் ஆண்டு. இரண்டும் சேரும்போது அன்னுஸில் உள்ள அகரம் எகரமாகி ‘பியென்னியும்’ என்று வரும். இரண்டாண்டுக் காலம் என்று பொருள். அதிலிருந்து பிறந்த பெயரடைதான் பியென்னாலே: ஈராண்டுக்கு ஒருமுறை வருகிற. எது வருகிறது என்பது அந்தச் சொல்லில் இல்லை. செடியாக இருக்கலாம், தேர்தலாக இருக்கலாம், மாநாடாகவும் இருக்கலாம். ஆங்கிலத் தாவரவியலில் கேரட், முட்டைக்கோஸ் போன்றவற்றுக்கும் இதே சொல்தான். முதல் வருஷம் இலையும் கிழங்கும் விட்டு, மறு வருஷம் பூத்து விதைவிட்டு முடிகிற செடிகள் அவை. நம் பாடநூல்கள் அவற்றை இருபருவத் தாவரங்கள் என்கின்றன.

பெயரடையாக இருந்தது எப்படிப் பெயராக மாறியது? 1893-ல் வெனிஸ் நகர மன்றம், அரசர் உம்பர்த்தோவுக்கும் அரசி மார்கெரித்தாவுக்கும் நடந்த திருமணத்தின் வெள்ளிவிழாவை ஒட்டி, ஈராண்டுக்கு ஒருமுறை கலைக் காட்சி ஒன்று நடத்துவது என்று தீர்மானம் போட்டது. 1895-ல் அது தொடங்கியபோது அதன் முறையான பெயர் ‘வெனிஸ் நகரப் பன்னாட்டுக் கலைக் காட்சி’. மக்கள் வாயில் நின்றதோ தீர்மானத்தில் இருந்த பெயரடை மட்டும். நம் ‘தினசரி’க்கு நடந்ததும் இதுதான். நாள்தோறும் என்று பொருள்பட்ட சொல், நாளிதழ் என்ற பொருளையே குறிக்கத் தொடங்கி, பக்கத்தில் ‘பத்திரிகை’ இல்லாமலே நின்றுவிட்டது.

பெயரானதும் அது கால இடைவெளியின் பிடியிலிருந்து கொஞ்சம் நழுவியும்விட்டது. வெனிஸில் 1909-க்கு அடுத்த காட்சி 1910-லேயே வந்தது. பின்னொரு முறை 1990-க்கு அப்புறம் 1993 வரை காத்திருந்தார்கள், நூற்றாண்டு 1995-ல் விழ வேண்டும் என்பதற்காக. கொச்சியில் 2020-ல் வர வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய் 2022 டிசம்பரில்தான் வந்தது. ஆனாலும் பெயர் மாறவில்லை. கோயில் குடமுழுக்கைப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்று சொல்லிவிட்டு, பணம் சேராமல் பதினைந்து, இருபது வருஷம் கழித்துச் செய்வதில்லையா, அதுபோல.

ஆக, இன்று பினாலே என்றால் வெறும் இடைவெளி அல்ல, ஒரு வகை நிகழ்வு. ஒரு நகரம் தன் கிடங்குகளையும் பழைய வீடுகளையும் தெருக்களையும் சில மாதங்களுக்குத் திறந்துவிட, பல நாட்டுக் கலைஞர்கள் வந்து அந்த இடத்தைப் பார்த்து அதற்கென்றே செய்து வைக்கிற சமகாலக் கலை. வெனிஸுக்கு அப்புறம் 1951-ல் சாவ் பாவ்லோ, 1984-ல் ஹவானா, 1987-ல் இஸ்தான்புல் என்று அது பரவியது. கொச்சியில் கலைஞர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் முன்னின்று 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கினார்கள். சென்னையில் 2016 முதல் ஒளிப்படங்களுக்கு மட்டும் ஒன்று நடக்கிறது. இவற்றில் பலவும் துறைமுக நகரங்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். சரக்கு வந்து இறங்கிய இடத்தில் கலை வந்து இறங்குகிறது.

இனி பினாலேக்கு ஏற்ற தமிழ்ச் சொல்லுக்கு வருவோம்.

எண்ணுப்பெயர் ‘இரண்டு’, உயிரெழுத்துக்கு முன்னால் ‘ஈர்’ ஆகும்: ஈராயிரம், ஈரேழு, ஈராண்டு. மெய்க்கு முன்னால் ‘இரு’: இருமுறை, இருபருவம். அதனால் ‘இருவாண்டு’, ‘இரு ஆண்டு விழா’ என்று சிலர் எழுதுவதைவிட ஈராண்டு என்பதே நல்ல வடிவம். லத்தீனில் சேரும்போது ஆண்டு உருமாறுகிறது, தமிழில் எண் உருமாறுகிறது.

இன்னொரு வசதியும் தமிழில் இருக்கிறது. ஆங்கிலத்தில் வருஷத்துக்கு இரண்டு முறை என்பதற்கும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்பதற்கும் உள்ள சொற்கள் ஓரிரு உயிரொலிகளில்தான் வேறுபடுகின்றன. படித்தவர்களே மாற்றி எழுதுகிறார்கள். நமக்கு முதலாவது அரையாண்டு, இரண்டாவது ஈராண்டு. பள்ளிக்கூடம் போன எந்தப் பிள்ளையும் அரையாண்டுத் தேர்வை ஈராண்டுத் தேர்வு என்று சொல்லாது.

‘ஈராண்டு விழா என்றால் இரண்டு வருஷம் தொடர்ந்து நடக்கும் விழா ஆகிவிடாதா? ஐந்தாண்டுத் திட்டம் ஐந்து ஆண்டு நடந்ததே?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் புஞ்சைப் புளியம்பட்டியில் இருக்கிறது. அங்கே கூடுவது வாரச் சந்தை. வாரம் முழுக்கவா கூடுகிறது? மாத இதழ், காலாண்டிதழ் எல்லாம் அப்படித்தான். கூடிக் கலைகிற பொருளுக்கு முன்னால் காலப்பெயர் வந்தால் அது இடைவெளியைக் குறிக்கும். திட்டம், படிப்பு போல நீள்கிற பொருளுக்கு முன்னால் வந்தால் கால அளவைக் குறிக்கும். தமிழ் காதுக்கு இந்த வேறுபாடு சொல்லித்தராமலே தெரியும். கவனமாக இருக்க வேண்டிய இடம் வேறு: ‘இரண்டாம் ஆண்டு விழா’ என்று எழுதிவிட்டால் அது மன்றத்தின் ஃபிளக்ஸ் பேனர் ஆகிவிடும்.

ஈராண்டு சரி. ஈராண்டு என்ன? கண்காட்சியா, விழாவா?

நான் முதலில் கண்காட்சி என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூர்க்காரனுக்குக் கண்காட்சி என்றால் கொடிசியா வளாகத்தில் பம்ப்செட்டும் டிராக்டரும் அடுக்கி வைத்திருப்பது. அதுகூடப் பரவாயில்லை. அந்தச் சொல்லை நான் கைவிட்டது ஃபோர்ட் கொச்சியில், ஆஸ்பின்வால் ஹவுஸில். 1867-ல் தொடங்கிய வணிக நிறுவனத்தின் கடலோரக் கட்டடங்கள் அவை. மிளகும் தேங்காய் எண்ணெயும் மரமும் கப்பலேறிய இடம். அங்கே ஒரு நீண்ட கிடங்கு முழுக்கக் கடல்நீரை நிரப்பி வைத்திருந்தார் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரிதா. செருப்பைக் கழற்றிவிட்டு, பேண்ட்டை மடித்துவிட்டு, தண்ணீரில் நடந்து போக வேண்டும். இருபக்கச் சுவரிலும் கேள்வி கேள்வியாக வரிகள். கடைசிச் சுவரில், சிரியாவிலிருந்து தப்பி வரும்போது கடலில் மூழ்கிய சிறுவன் காலிப் குர்திக்கான கவிதை. கரையில் ஒதுங்கிக் கிடந்த அவன் தம்பியின் படத்தை உலகமே பார்த்தது. இவனுடைய படத்தை யாரும் பார்க்கவில்லை. அதனால் சுரிதா படம் எதையும் வைக்கவில்லை, கடலையே வைத்திருந்தார். எனக்கு முன்னால் போன ஓர் அம்மா சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தார். திரும்பி வரும்போது அதைக் கீழே விடவும் மறந்து நின்றிருந்தார்.

இதைக் கண்ணால் காணும் காட்சி என்று எப்படிச் சொல்வது? காலில் உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளை படிந்திருக்கிறது. அதனால்தான் விழா என்கிறேன். விழாவில் நாம் பார்வையாளர் மட்டும் அல்ல, உள்ளே இறங்குகிறோம். ஈராண்டுக் கலைவிழா. பள்ளிக்கூட ஆட்டம்பாட்டத்தையும் கலைவிழா என்பார்கள்தான், ஆனால் முன்னால் ஈராண்டு நிற்கும்போது அந்தக் குழப்பம் தங்காது. இதே அச்சில் மற்றவையும் வரும். தில்லியில் லலித் கலா அகாதமி 1968-ல் தொடங்கிய ட்ரையென்னாலே, மூவாண்டுக் கலைவிழா. ஜெர்மனியின் காசெல் நகரில் நடக்கும் டாக்குமென்டா, ஐந்தாண்டுக் கலைவிழா.

அம்மிச்சிக்கு அன்று நான் இவ்வளவு விளக்கவில்லை. “ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா நடக்கிற நோம்பிங்க அம்மிச்சி. சாமிக்குப் பதிலா படமும் சிலையும்” என்றேன். “அப்ப எங்கூரு மாரியாத்தா நோம்பியாட்ட” என்றார், சட்டென்று. அவர் பிறந்த ஊரில் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் நோம்பி சாட்டுவார்கள். நோன்பு என்ற சொல்தான் கொங்கு வாயில் நோம்பி ஆனது. பட்டினி கிடப்பதில் தொடங்கிய சொல், இங்கே தீவாளி நோம்பி, பொங்க நோம்பி என்று எல்லாப் பண்டிகைக்கும் பொதுவாகிவிட்டது. அச்சில் நான் ஈராண்டுக் கலைவிழா என்று எழுதினாலும், பேச்சில் எனக்கு அது நோம்பிதான்.

கொச்சிப் பெயரின் பிற்பாதியையும் சொல்லியாக வேண்டும், அதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். கொச்சி-முசிரிஸ் பினாலே என்று தமிழில் அச்சிடுகிறார்கள். அது முசிரிஸ் அல்ல, முசிறி. ‘யவனர் தந்த வினைமாண் நன்கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று அகநானூறு பாடும் சேரநாட்டுத் துறைமுகம். கறி என்றால் அங்கே மிளகு. நம் ஞாயிற்றுக்கிழமைக் கறி இல்லை. கிரேக்கரும் ரோமரும் தங்கள் நாவுக்கு ஏற்றபடி முசிறியின் வாலில் ஒரு ஸகரத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது இயல்பு. நாம் ஏன் அந்த வாலோடு திருப்பி வாங்க வேண்டும்?

அந்தத் துறைமுகம் கொங்குக்கு அயலும் அல்ல. நொய்யல் கரைக் கொடுமணலில் தோண்டியபோது கல்மணி செய்யும் பட்டறைகளும் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூர் பச்சைக்கல்லுக்குப் பேர்போன ஊர். கோவையை அடுத்த வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் புதையலாகவே அகப்பட்டன. மேற்குக் கடற்கரையிலிருந்து இந்த ஊர்களுக்கு வர மலையில் இருந்த திறப்பு, இன்று வாளையாரைத் தாண்டி ரயிலில் நாம் போகிற அதே பாலக்காட்டுக் கணவாய்தான்.

முசிறி என்று மட்டும் எழுதினால் நம் பக்கத்து வாசகர் காவிரிக் கரை முசிறியை நினைத்துக்கொள்வார் என்று தயங்குகிறவர்கள் உண்டு. முன்னால்தான் கொச்சி இருக்கிறதே. கொச்சி-முசிறி ஈராண்டுக் கலைவிழா என்று எழுதுங்கள்.